டிக்கெட்டின் பின்பக்கம்

ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.
மதிய நடை. பையில் சில்லறைத் தட்டுப்பாடு.
டிக்கெட்டின் பின்பக்கம் 480 என்று கிறுக்கி
இறங்கும்போது வாங்கிக்கோம்மா என்றேன்.

குஞ்சப்பனையில் மழை.
உருளைக்கிழங்கு மூட்டையைத் தலைக்கு ஏற்றி
அவள் இறங்கியதும் நான் விசில் ஊதியதும்
ஒரே மூச்சில் நடந்தது.
இரண்டு வளைவு தாண்டித்தான் உறைத்தது.
நிறுத்துங்கண்ணே.
இந்தச் சரிவிலயா? என்றார் பெள்ளன்,
கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே.

மேட்டுப்பாளையத்தில் தாளை மாற்றி, நாலாய் மடித்து
சட்டையின் உள்பையில் வைத்தேன்.
வசூல் பையில் போட்டால் வசூலாகிவிடும்.

மறுநாளிலிருந்து என் கண் கெட்டுப்போயிற்று.
அரவேனுவில், தட்டப்பள்ளத்தில், முள்ளூரில்
பச்சை ஸ்வெட்டர் தெரிந்தால் போதும்,
படியில் தொங்கி முகம் பார்த்தேன்.
ஏறுகிறவர்களை எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.
நானோ ஏறாத ஒருத்தியை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பொண்ணு பார்க்கிற வயசா வேதம் உனக்கு?
பெள்ளன் அண்ணன் மூன்று நாள் இதையே சொல்லிச் சிரித்தார்.

டீக்கடையில் விசாரித்தேன்.
பலாப்பழம் விக்கிற ரங்கியா? என்றார்கள்.
நேற்றுகூட இங்கேதான் நின்றாளாம்.
என் வண்டி திரும்பியதைப் பார்த்ததும்
கடைக்குப் பின்னால் போய்விட்டாளாம்.

ஆறாம் நாள் பிடித்துவிட்டேன்.
வண்டியை ஓரங்கட்டச் சொல்லி
பலா மரங்களுக்குள் ஓட்டமாய் ஓடி.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.
மூட்டைக்கு டிக்கெட் எடுக்கலைங்க சார்.
அன்னிக்கு மறந்துட்டேன்.
ஃபைன் எவ்வளவு?

ஆறு நாளாய் நான் அவளுக்கு
ஃபைனாகத்தான் துரத்தியிருக்கிறேன்.

பணத்தைக் கையில் வைத்தேன். எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
மூட்டைக்கு எவ்வளவு பிடிச்சீங்க?
ஒண்ணும் பிடிக்கலைம்மா.
நம்பவில்லை. வண்டி நகரும்வரை
முந்தானையில் முடியாமல் கையிலேயே வைத்திருந்தாள்,
திரும்பக் கேட்டால் கொடுக்க வசதியாக.

நான் ச. வேதமாணிக்கம். நாலு வருடத்துக்கு முன்
அறுப்பின் பண்டிகை ஏலத்தில், வெறும் ரோஷத்தில்,
ஒரு பூசணிக்காயை ஆயிரத்து நூறுக்குக் கேட்டவன்.
கொடுக்க முடியவில்லை.
பாக்கிக்காரர் பட்டியலில் என் பெயரைச் செயலர்
மைக்கில் வாசித்தார், இனிஷியலோடு.
அன்றிலிருந்து ஞாயிறு டூட்டியைக் கேட்டு வாங்குகிறேன்.
ஆயர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார்,
பிறகு வரவில்லை.
கர்த்தருக்கு அப்படி நிறுத்தத் தெரியாது போல.

டிப்போவில் எனக்கென்று யாரோ மூடிவைத்த வெந்நீர்.
பிரேக் பிடிக்காத அன்று
எட்டாம் வளைவில் எதிரே வராத லாரி.
பின் சீட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்
அடிகளை மாற்றி மாற்றி முனகிய ஞானப்பாட்டு,
திருத்த வாய் திறந்து நான் மூடிக்கொண்டது.
இவையெல்லாம் என்ன என்று கேட்டதே இல்லை.
படியில் தொங்கியபடி
நிறுத்தம் நிறுத்தமாய் ஒருவர் என் முகத்தைத் தேடியிருக்கிறார்.
நான் கடைக்குப் பின்னால்.

பாக்கி என்றால்
நான் தரவேண்டியது மட்டுமில்லை,
எனக்கு வரவேண்டியதும்தான்.
இருபத்திரண்டு வருடமாய்
டிக்கெட்டின் பின்பக்கம் அதை எழுதிவந்த கை இது.

சாயங்காலம் கோத்தகிரி டிப்போ.
ஞாயிற்றுக்கிழமைத் தாளில்
என் பெயருக்கான இடம் இன்னும் வெள்ளை.
எழுதிக்கவா வேதம், வழக்கம்போல?
டைம் கீப்பர் பேனாவோடு காத்திருக்கிறார்.
வெளியே மூடுபனி
வளைவு வளைவாக மலையேறி வருகிறது,
அவசரமில்லாமல்,
ஒரு நிறுத்தத்தையும் விடாமல்.

சட்டையின் உள்பையைத் தொட்டுப் பார்க்கிறேன்.
காலி.
ஆறு நாள் பழக்கம்.